நடுத்தெருவில் ஒரு நாற்காலி

...அதைத்தான் ஸ்வாமி சொல்றேன். வைஸ்ராய் இருக்கற பட்டணம். இதுல ஒரு நாற்காலியைத் தூக்கிண்டு வர ஒரு கூலி கிடைக்கலேன்னா என்ன அர்த்தம்? எல்லாரும் அம்பாளைக் கரைக்கப் போயிட்டா. ட்ராமும் நின்னுடுத்து. பவானிபூர்லேர்ந்து காளிகாட் வரைக்கும் ரோடு பூரா டாக் மேளத்து அடி, சாம்பிராணிப் புகை, ஒரு துர்க்கை பின்னாடி இன்னொரு துர்க்கை. நான் என்ன பண்றது? தலையில வெச்சுண்டு இவ்வளவு தூரம் வந்தேன். கை கடுத்துது, இறக்கி வெச்சேன். இறக்கி வெச்ச நாற்காலியைப் பாத்துண்டு எவ்வளவு நேரம் நிக்கறது? உக்காந்துட்டேன். நடுத்தெருவுல நாற்காலி போட்டு உக்காந்திருக்கானேன்னு போறவா வரவா பாக்கறா. பாக்கட்டும். இப்பதான் ஒரு மகிஷாசுரனை மூங்கில்ல கட்டித் தூக்கிண்டு போனா. அவன்கூட என்னைப் பாத்து ஒரு தினுசா சிரிச்சுட்டுத்தான் போனான்.

நெத்தியில நாமத்தைப் பாத்தேன், நம்ம பக்கத்து மனுஷர்னு கூப்பிட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கோ. பேர் என்ன சொன்னேள்? திருவேங்கடம். பேஷ். நான் ராஜாராமன். குடைக்கடை ராஜாராமன்னு சொன்னா இந்தப் பேட்டையில எல்லாருக்கும் தெரியும்... தெரிஞ்சிருந்தது. இனிமே தெரியாது. இன்னிக்குத்தான் வேலையை விட்டேன். விட்டுட்டேன்னு சொல்லிட்டேன். நிஜமா விட்டேனா இல்லையான்னு ஆத்துக்குப் போறதுக்குள்ள முடிவு பண்ணியாகணும். சுப்புலக்ஷ்மி வாசல்லயே மறிச்சுண்டு கேப்பா, என் ஆம்படையாள். அவளுக்குப் பதில் சொல்லாம நான் உள்ள போக முடியாது. இந்த நாற்காலியும் உள்ள போக முடியாது. அது வேற விஷயம், எங்க சந்தோட அகலம் அவ்வளவுதான்.

சிரிக்கறேனா? நானா? ஆமாம், சாயங்காலத்துலேர்ந்து இப்படித்தான் இருக்கு. வயத்தெரிச்சலாத்தான் பேசறேன், நடுவுல சிரிப்பு வந்துடறது. காலு ரெண்டும் எங்கயோ எதிர்வாடையில இருக்கற மாதிரி இருக்கு. பசியா இருக்கும். கடையில ஒண்ணும் சாப்பிடலை. அவா மீன் தொட்ட கையால எடுத்துக் குடுக்கறதை நாம எப்படி... பால் மட்டும் குடிச்சேன். பிஜோயான்னா, நம்ம விஜயதசமிதான், எல்லாருக்கும் ஒரு பால் குடுப்பா. நல்ல பாதாம் பால் ஸ்வாமி, சோம்பு வாசனை. கொஞ்சம் பச்சையா இருந்தது, வெத்தலை அரைச்சு விட்டிருப்பான்னு நினைக்கறேன். வேற எதையும் தொடாம பாலை மட்டும் வாங்கி வாங்கிக் குடிச்சேன். ஆசாரத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

என்ன சொல்லிண்டிருந்தேன்? நாற்காலி. இல்லை, கடை. கடைக்கு நான் வந்ததே வேடிக்கை. எங்க அத்தான் ஏதோ ஆபீஸ்ல குமாஸ்தா, அவரை நம்பித்தான் ஊரை விட்டு வந்தேன். ஆபீஸ் பரீட்சை தேறலை. ஒருநாள் மழைக்கு அந்தக் குடைக்கடை வாசல்ல ஒதுங்கினேன். உள்ள இருந்த முதலாளிப் பெரியவர், கர்த்தா பாபுன்னு சொல்வா, சும்மா நிக்கறயே, இந்தக் குடையைப் பிரிச்சு அந்த பாபுகிட்ட காட்டுன்னார். பிரிச்சேன். அப்படி ஒதுங்கினவன்தான் ஸ்வாமி, இன்னும் மழை விடலை.

நீங்க குடையைப் பிரிச்சிருப்பேள். வித்ததில்லையே. புதுக்குடையை முதல் தடவை பிரிக்கறச்சே 'பொப்'புனு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பாக்காத மனுஷன் கிடையாது. திரும்பினானா, அவன் கையில குடுத்துடணும். அவ்வளவுதான் வித்தை. வாங்குங்கோன்னு சொல்லப்படாது, கம்பி கெட்டி, துணி கெட்டின்னு பீத்திக்கப்படாது. கையில குடுத்துட்டு வேற எதையாவது பேசணும். அவன் பொண்ணு கல்யாணம், நம்ம வயத்துவலி, எது வேணுமானாலும். பேசிண்டே இருந்தா, கொஞ்ச நேரத்துல குடை அவனோடதா ஆயிடும். திருப்பி வாங்கினாத்தான் அவனுக்கு மழையில நனையற மாதிரி இருக்கும். இதை எனக்குச் சொல்லிக் குடுத்தவன் ஹரிபதோ.

நின்னுண்டே கேக்கறேளே, சித்த உக்காருங்கோ. அட பரவாயில்லை, உக்காருங்கோங்கறேன். எனக்கு நின்னு நின்னு பழக்கம், உக்காந்தாத்தான் தலை சுத்தறது. ஆ... அப்படி. சாஞ்சுக்கோங்கோ. கையை நீட்டி வெச்சுக்கோங்கோ, அதுக்குத்தான் அந்த அகலம். பர்மா தேக்கு. பிரம்பு பின்னினவன் பௌபஜார்க்காரன். அதை விடுங்கோ.

ஹரிபதோ எனக்குப் பக்கத்துக் கவுண்டர். கடையில கண்ணாடிப் பொட்டி வெச்சு வரிசையா கவுண்டர், துரைமார் கடை மாதிரி. காலம்பர ஷட்டர் தூக்கினா ராத்திரி வரைக்கும் நிக்கணும். நானும் அவனும் நின்னே குடித்தனம் பண்ணினோம்னு வெச்சுக்கோங்கோ. எனக்கு வங்காளி வராத காலத்துல என் வாடிக்கைக்காரன்கிட்ட அவன் பேசுவான், விலை பேசி முடிஞ்சப்புறம் என் பக்கம் தள்ளிவிடுவான். அவன் மீனைப் பத்திப் பேச ஆரம்பிச்சு நிறுத்த முடியாமப் போயிட்டா, நான் போய் அந்த மனுஷனைக் காப்பாத்திக் குடையோட அனுப்புவேன். யார் வித்ததுன்னு எங்களுக்கே தெரியாது.

அந்தக் கர்த்தா பாபு இருக்காரே... விளக்கு வெச்சு, கூட்டம் கலைஞ்சப்புறம் பாயில உக்காந்துண்டு ஹுக்காவை வாயில வெச்சுப்பார். எல்லாரையும் கூப்பிடுவார். எத்தனை வித்தேன்னு கேக்கவே மாட்டார். "ஆஜ் கே எஷேச்சிலோ?" இன்னிக்கு யார் வந்தாங்கறது. அதுதான் கேள்வி. நாங்க சொல்லணும். ஒருநாள் பெரிய வக்கீல் ஒருத்தரும் அவரோட குச்சி மாதிரி குமாஸ்தாவும் வந்தா. ரெண்டு பேருக்கும் ஒரே குடை போறும்னு வக்கீல் பிடிவாதம். நான் ரெண்டு பேரையும் ஒரே குடைக்குக் கீழ நிக்க வெச்சேன். வக்கீல் மட்டும்தான் குடைக்குக் கீழ இருந்தார், குமாஸ்தா பூரா வெளியில. அப்புறம் வக்கீலை வெளியில நிறுத்தி குமாஸ்தாவைக் குடைக்குள்ள விட்டேன். வக்கீல் தன் தோளைப் பாத்தார், என்னைப் பாத்தார், ரெண்டு எடுன்னுட்டார். இதைச் சொன்னப்போ கர்த்தா பாபு இருமி இருமி, ஹுக்கா சாஞ்சு, பாயே பத்திண்டுடுத்து. மறுநாள் அவருக்குச் சொல்ல என்ன கதை கிடைக்கும்னு நினைச்சுண்டேதான் நான் ஓடுவேன் கடைக்கு. ஜுரம் அடிச்சாலும் ஓடுவேன். சுப்புலக்ஷ்மி கேப்பா, அப்படி என்ன அங்க கொட்டி வெச்சிருக்குன்னு. எனக்குச் சொல்லத் தெரியாது.

அவர் காசிக்குப் போயிட்டார். பிள்ளை வந்தான், சோட்டோ பாபு. சீமையில போய் எல்லாக் கடையும் பாத்துட்டு வந்தவன். நல்ல பிள்ளை ஸ்வாமி, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, அதான் கஷ்டம். அவனுக்கு ஒரே கவலை, எங்களுக்கு உற்சாகம் பத்தலைங்கறது. உற்சாகத்தை எப்படி ஊட்டறதுன்னு சீமையில புஸ்தகமே போட்டிருக்கானாம். முதல்ல ஒரு மணி கட்டினான். குடை விக்கறச்செல்லாம் மணி அடிக்கணும், எல்லாரும் கை தட்டணும். தெருவுல போறவா கன்னத்துல போட்டுண்டு நிக்க ஆரம்பிச்சா. ஒரு கிழவி உள்ளயே வந்து உக்காந்துண்டு, ஆரத்தி ஆயிடுத்தே, பிரசாதம் எங்கேன்னு நகர மாட்டேன்னுட்டா. அவளுக்கு வாழைப்பழம் வாங்கிக் குடுத்து அனுப்பினோம். மறுநாள் கூட நாலு கிழவி.

அப்புறம் சிரிக்கணும்னான். யார் வந்தாலும் சிரிச்ச முகம். ஹரிபதோவுக்கு முன் பல்லு ரெண்டும் போயிடுத்து, அவன் சிரிச்சா கொழந்தைகள் அழும். மொட்டை அடிச்சுண்டு ஒரு மனுஷர் வந்தார், அப்பாவுக்குக் காரியம் முடிஞ்சு வைதீகருக்குத் தானம் குடுக்கக் குடை வேணும்னார். நாங்க வரிசையா நின்னு பல்லைக் காட்டினோம். அவர் எங்களைப் பாத்த பார்வை இருக்கே... குடையே வேண்டாம்னு போயிட்டார். பாவம், சிரிப்பு வரது எனக்கு, மன்னிச்சுக்கோங்கோ. அப்போ வரலை.

உக்காந்தது சௌகரியமா இருக்கோல்லியோ? இருக்கும். உங்காத்துல யார் யார்? ஆம்படையாளும் நீங்களும். இப்பதான் மாத்தல் ஆகி வந்தேளா? எந்தத் தெரு... அட, இதோ இந்த மூலைதானே. சாமான் எல்லாம் வந்துதோ? பாயும் பெட்டியும்தானா. போறும், நமக்கு வேற என்ன வேணும். என்னது, மாமனார் வராரா? மாயவரத்துலேர்ந்து? அந்த மனுஷர் முட்டி மடக்க மாட்டாரா. ஐயையோ, அப்போ கீழ உக்காந்தா தூக்கிவிடணுமே. பெண்ணைக் குடுத்த மனுஷர், ரெண்டு ராத்திரி ரயில்ல வந்து இறங்கறார், அவரை எங்க உக்காத்தி வெப்பேள்? பெட்டி மேலயா? சரி, அது உங்க பாடு. நான் என் கதையைச் சொல்றேன்.

ஒருநாள் சோட்டோ பாபு எங்களை நிறுத்தி வெச்சு, வாயைத் திறந்து சொல்லுங்கோ, உங்களுக்கு என்னதான் வேணும்னு கேட்டான். எல்லாரும் தரையைப் பாக்கறா. எனக்கு மட்டும் நாக்கு அரிச்சுது. கால் வலிக்கறது, உக்கார நாற்காலி இருந்தா தேவலைன்னேன். நான் சொன்னது என்ன? மத்தியானம் ஈ ஓட்டற நேரத்துல ஆளுக்குக் கொஞ்சம் சாயலாமேன்னு. அவன் கண்ணு ரெண்டும் பளபளன்னுடுத்து. மறுநாள் இது வந்து எறங்கித்து. ஒண்ணே ஒண்ணு. எந்த வாரம் எவன் நிறைய விக்கறானோ, மறு வாரம் பூரா அவன்தான் இதுல உக்காரலாம்.

முதல் வாரம் நான் உக்காந்தேன். கடைக்குள்ள வரவா எல்லாரும் நான்தான் முதலாளின்னு என்கிட்ட வந்தா. ஒருத்தன் காத்துல தலைகீழாத் திரும்பின குடையை என் மடியில போட்டுட்டுத் திட்டினான். இன்னொருத்தன் மச்சினனுக்கு வேலை கேட்டான். எட்டி ஒரு குடை எடுக்க முடியலை. பாதி நேரம் தூங்கிட்டேன். அந்த வாரம் ஹரிபதோ ஜெயிச்சான். அவன் உக்காந்தான், அவன் தூங்கினான், நான் ஜெயிச்சேன். இப்படியே மாத்தி மாத்தி. எங்களுக்கு இது வேடிக்கையாத்தான் இருந்தது. ராத்திரி ஷட்டர் போடறச்சே ஒருத்தனைப் பாத்து ஒருத்தன், உன் தூக்கம் முடிஞ்சுதா, என் தூக்கம் ஆரம்பம்னு சொல்லிப்போம்.

எங்க தூக்கத்தை சோட்டோ பாபு கண்டுபிடிச்சுட்டான். பூஜை சீசன்ல விக்கறதுல எவன் முதல்ல வரானோ அவனுக்கு நாற்காலியே சொந்தம், ஆத்துக்கே தூக்கிண்டு போகலாம்னுட்டான்.

சொந்தம்னு ஒரு வார்த்தை ஸ்வாமி. ஹரிபதோ கவுண்டருக்கு நடுவுல ஒரு மூங்கில் தட்டியைக் கொண்டுவந்து வெச்சான். நான் வாசல் பக்கம் நகந்து நின்னுண்டேன். அவன் வாடிக்கைக்காரன் உள்ள வரச்சே நான் குறுக்கே கும்பிடு போடுவேன். என் வாடிக்கைக்காரனுக்கு அவன் தாம்பூலம் நீட்டுவான். யார் வந்தா, என்ன பேசினான்னு ஒருத்தருக்கொருத்தர் மூச்சு விடலை. சஷ்டி சாயங்காலம், பூஜைக்குக் கடை மூடற நேரம், கடைசி ஆள், டாக்குரியாவுலேர்ந்து ஒரு ஹெட்மாஸ்டர். ஹரிபதோ அவர் கையில குடையைக் குடுத்துட்டு ஹில்சா மீனைப் பத்தி ஆரம்பிச்சுட்டான். ஆச்சு, குடை ஆளோட ஒட்டிண்டுடுத்து. எனக்குத் தெரியறது. நான் ஒரு வார்த்தை பேசலை ஸ்வாமி. சத்தியமா வாயைத் திறக்கலை. நான் பாட்டுக்கு என் கவுண்டர்ல நின்னுண்டு ஒரு குடையைப் பிரிச்சேன். அவ்வளவுதான். பெரிய சைஸ், வெள்ளிப் பூண் போட்டது.

பொப்.

ஹெட்மாஸ்டர் திரும்பினார்.

ஒரே ஒரு குடை வித்யாசத்துல ஜெயிச்சேன்.

இன்னிக்குக் கடையில பிஜோயா. இவா வழக்கம் தெரியுமோ, அம்பாள் புறப்பட்டதும் எல்லாரும் எல்லாரையும் கட்டிக்கணும். எவ்வளவு சண்டை இருந்தாலும் இன்னிக்குக் கட்டிண்டாகணும். முதல் வருஷம் எனக்குக் கூச்சமா இருந்தது, ஹரிபதோதான் ஓடி ஓடிப் பிடிச்சுக் கட்டிண்டான். இன்னிக்கு என்னை இதுல உக்காத்தி வெச்சு மாலை போட்டா. ஹரிபதோ வரிசையா எல்லாரையும் கட்டிண்டு வரான். வாசல் கூட்டற ஆளைக் கட்டிண்டான், சோட்டோ பாபுவைக் கட்டிண்டான். நான் எழுந்துண்டு கையை விரிச்சேன். எனக்கு எதிர்ல வந்து நின்னு, குனிஞ்சு, கும்பிட்டான். "ஆஷுன் பாபு, போஷுன்."

வாங்க ஐயா, உக்காருங்கோ. கடைக்கு வரவாகிட்ட நாங்க சொல்றது ஸ்வாமி. தினம் நூறு பேர்கிட்ட சொல்றது. எனக்குச் சொன்னான், என்னை ஒரு வாடிக்கைக்காரனாக்கி.

விரிச்ச கையை என்ன பண்றதுன்னு தெரியலை. பால் டம்ளர் இருந்தது, அதை எடுத்துண்டேன். இன்னொண்ணு, இன்னொண்ணு. அப்புறம் சோட்டோ பாபுகிட்ட போய் நாளைலேர்ந்து வரலைன்னேன். அவன் முகம் வாடிப்போச்சு. ஏன், ஜெயிச்சவன் போவானா, உனக்கு வேற என்ன வேணும்னு யோசிச்சான், யோசிச்சான்... கால் நீட்டிக்க ஒரு முக்காலியும் சேத்துத் தரட்டுமான்னு கேட்டான். நான் சிரிச்சேன் பாருங்கோ, நிறுத்தவே முடியலை. அவன்கூடச் சிரிச்சான். ஹரிபதோ மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிண்டு நின்னான்.

என்ன கேட்டேள்? டாக் சத்தத்துல காதுல விழலை.

என்ன விலையா?

எதுக்கு? நாற்காலிக்கா? நான் இதை விக்க வரலையே ஸ்வாமி. இது பரிசு... நீங்க ஏன் கைப்பிடியைத் தடவிண்டே இருக்கேள்? எழுந்துக்கவே மாட்டேங்கறேளே. மாமனாருக்கா...

இருங்கோ. இருங்கோ இருங்கோ. நான் என்ன பண்ணினேன்? உங்களை இதுல உக்காத்தி வெச்சேன். வேற எதையோ பேசிண்டே இருந்தேன். ராமா, ஹரிபதோ பாத்திருக்கணும். நடுத்தெருவுல, கவுண்டர் இல்லை, விளக்கு இல்லை, அம்பாள் பத்துக் கையோட போயிண்டிருக்கா, நான் ஒரு நாற்காலியை வித்துட்டேன். எனக்கே தெரியாம. என்ன, பாங்கா? கஞ்சா இலை அரைச்சதா? நான் குடிச்சதா? அது பாதாம் ஸ்வாமி, பச்சையா இருந்தா பாங்குன்னு அர்த்தமா... ஓஹோ. அதான் இந்தக் காலு. சரி, இருந்துட்டுப் போறது. காலு பாங்குல இருக்கட்டும், இந்த வியாபாரம் பாங்கு பண்ணினது இல்லை, நான் பண்ணினது.

கையில இருக்கறதைக் குடுங்கோ, நான் பாக்கக்கூட மாட்டேன். சும்மா குடுத்தா வியாபாரமாகாது, அதுக்காகத்தான். எழுந்துக்கோங்கோ. தலையில கவுத்து வெச்சுக்கோங்கோ, பிரம்பு பக்கம் தலைக்கு வரணும்... அப்படித்தான். மூலை திரும்பறச்சே பாத்து, அங்க ஒரு லக்ஷ்மி வந்துண்டிருக்கா, இடிச்சுடாதீங்கோ.

நான் இந்தப் பக்கம் போறேன். ஆமாம், கடைக்குத்தான். இன்னும் மூடியிருக்க மாட்டா. ஆஷுன் பாபு, போஷுன்னு திரும்பியும் சொல்லட்டும். உக்கார என்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு ரெண்டு கையையும் காட்டறேன். கட்டிண்டா கட்டிக்கறான். கட்டிக்காட்டாலும் விடப் போறதில்லை, அந்தத் தட்டியைப் பிடுங்கிப் போட்டுட்டு எதிர்ல நின்னுண்டு, கேளுடா, இன்னிக்கு யார் வந்தான்னு கேளுடான்னு கேக்க வெக்கப் போறேன். உங்களைத்தான் ஸ்வாமி சொல்லப் போறேன். நீங்க உக்காந்தது, தடவினது, விலை கேட்டது. அவனுக்கு மிச்சம் இருக்கற பல்லும் கொட்டிடும்.

ஸ்வாமி! திருவேங்கடம் ஸ்வாமி! காதுல விழறதோ? மழை பிடிச்சுண்டா கடைக்கு வாங்கோ. மாமனாரையும் அழைச்சுண்டு வாங்கோ. உள்ள நுழைஞ்சதும் என்கிட்ட வராதீங்கோ. முன் பல்லு இல்லாம ஒருத்தன் நிப்பான், அவன்கிட்ட போங்கோ. அவன் மீனைப் பத்திப் பேசுவான், பொறுத்துக்கோங்கோ. நான் பக்கத்துலதான் நின்னுண்டிருப்பேன். ஒரு குடையையும் பிரிக்க மாட்டேன்.